‘தென் ஆற்காடு’ என்றொரு சீட்டு: அருணாசலச் சரிவில் காயாவின் இடம் பற்றி

1. சிக்கல்

காயா (மெமிசைலான் அம்பலேட்டம்) கடற்கரைச் செடியா, மலைச் செடியா என்ற கேள்வி திருவண்ணாமலையில் ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடவில்லை. 1988இல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கியது முதல் அருணாசலத்தின் சரிவுகளில் மண்ணுக்குரிய மரங்களையும் புதர்களையும் நடும் பணி நடந்துவருகிறது. எது மண்ணுக்குரியது என்பதற்கு யாரிடம் சான்று கேட்பது? மலையில் மிஞ்சியிருந்தவை சில பாறையிடுக்குகளும் பெரும்பரப்பில் புல்லுமே. ஆகவே பழைய ஹெர்பேரியத் தாள்களிடம்தான், அதாவது உலர்ந்த கிளையும் பறித்த விவரம் எழுதிய சீட்டும் ஒட்டிய தாள்களிடம்தான், போக வேண்டியிருக்கிறது.

அவற்றைப் படித்தவர்களில் ஒரு சாரார் கண்ட முடிவு நமக்குத் தெரிந்ததே. வறண்ட பசுமைமாறாக் காட்டின் அடையாளச் செடிகள், குறிப்பாகக் காயா, வடதமிழகத்தில் கடலோரப் பட்டையைச் சேர்ந்தவை. பழைய பதிவுகள் தென் ஆற்காட்டில் இருக்கின்றன, வட ஆற்காட்டுச் சமவெளியில் இல்லை. திருவண்ணாமலை வட ஆற்காட்டில் இருந்த ஊர். ஆகவே அருணாசலத்தில் காயாவை நடுவது கடற்கரைக் காட்டை மலையில் கொண்டுபோய் ஒட்டுவதாகும். தர்க்கம் தெளிவானது. அதன் மூன்றாம் படியில்தான் பிழை. திருவண்ணாமலை எந்த ஆண்டில் எந்த ஆற்காட்டில் இருந்தது என்று அந்தத் தர்க்கம் கேட்கவில்லை.

இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறது. அருணாசலத்தில் காயா காட்டுச்செடியாக இருந்தது என்று இங்கே நிறுவப்படவில்லை. இல்லை என்பதற்குக் காட்டப்பட்ட சான்று சான்றே அல்ல என்பது மட்டுமே வாதம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நான் அறிவேன். ஆனால் முன்னவர்கள் நினைத்த அளவு அது பெரிதல்ல என்பதையும் முடிவில் சொல்வேன்.

2. 1911 ஏப்ரல்

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தென் ஆற்காடு மாவட்டத்தில் எட்டு வட்டங்கள்: கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, திருக்கோயிலூர், விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை. எட்டாவதே நம் வட்டம். மாவட்டத்தின் வடமேற்கு மூலை. 1906இல் வெளியான டபிள்யூ. பிரான்சிஸின் தென் ஆற்காடு கெசட்டியரில் அண்ணாமலையார் கோயிலும் செங்கமும் இடம்பெறுவது இதனால்தான்.

1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது மூன்று மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. வட ஆற்காட்டின் வடபாதி சித்தூருக்குப் போனது. திருப்பதி அடங்கிய சந்திரகிரி வட்டமும் அதில் ஒன்று. அதுவரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்ததே சித்தூர்தான். அதன்பின் அந்த இடம் வேலூருக்கு வந்தது. இழந்த நிலத்துக்கு ஈடுபோல, சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டன.

ஆட்சி வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தாவரவியல் ஆய்வுகளில் இதன் விளைவு கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதே என் குறை. விளைவு இரு பக்கமும் வெட்டுகிறது. 1911க்கு முந்திய தாளில் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் அது திருமலைச் சரிவாக இருக்கலாம், அருணாசலமாக இருக்க முடியாது. ‘தென் ஆற்காடு’ என்றிருந்தால் அது கடலோர மரக்காணமாகவும் இருக்கலாம், அருணாசலமாகவும் இருக்கலாம். திருவண்ணாமலையின் பழைய பதிவுகளைத் தேடி வட ஆற்காட்டுத் தாள்களைப் புரட்டுபவர் அவை இருக்கவே முடியாத கட்டைத்தான் புரட்டுகிறார். அங்கே ஒன்றும் கிடைக்காததை இன்மைக்குச் சான்றாக எழுதுகிறார்.

சவ்வாது மலையை எடுத்துக்கொண்டால் குழப்பத்தின் அளவு இன்னும் விளங்கும். 1911க்கு முன் அந்த ஒரே மலைத்தொகுதி மூன்று மாவட்டங்களில் கிடந்தது. போளூர், வேலூர்ப் பக்கம் வட ஆற்காடு. திருப்பத்தூர்ப் பக்கம் சேலம். செங்கத்தை நோக்கி இறங்கும் தென்சரிவு தென் ஆற்காடு. ஒரே வாரத்தில் ஒரே மலையில் எடுத்த மூன்று கிளைகள் மூன்று மாவட்டப் பெயரோடு கட்டில் ஏறியிருக்கலாம். இன்றைய வாசகர் அவற்றை மூன்று வாழிடங்களாக எண்ணுவார்.

பிந்திய மாற்றங்களும் சுமையைக் கூட்டின. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. பழைய தென் ஆற்காட்டு வட்டத்தோடு போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு ஆகிய பழைய வட ஆற்காட்டுப் பகுதிகளும் அதில் அடங்கின. 1993இல் தென் ஆற்காடு கடலூராகவும் விழுப்புரமாகவும் பிரிந்தது. ஆக, ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்னும் இன்றைய அலகுக்கு 1911க்கு முன் ஒற்றை மூதாதை கிடையாது. அது இரு ஆற்காடுகளின் மேல் கால் பரப்பி நிற்கிறது.

3. கேம்பிளை எப்படி வாசிப்பது

சிக்கலின் மையம் ஜே. எஸ். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது; 1925இல் கேம்பிள் மறைந்தபின் சி. இ. சி. பிஷர் அதை முடித்தார். இடக்குறிப்புகளுக்கு நாம் எல்லோரும் சாய்வது இந்த நூலின் மேல்தான். அதன் முதல் பகுதியே எல்லை மாற்றத்துக்கு நான்காண்டு பிந்தியது. எனவே அதிலுள்ள ஆற்காடுகள் புதிய ஆற்காடுகளே என்று கொள்வது முன்னவர்களின் வழக்கம். சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். பலர் சொல்லாமலே அப்படி வாசித்தார்கள்.

இந்த வாசிப்பு நூலின் வெளியீட்டு ஆண்டைப் பார்க்கிறது, நூல் எதிலிருந்து எழுந்தது என்பதைப் பார்க்கவில்லை. கேம்பிள் இந்திய வனப்பணியிலிருந்து 1899இல் ஓய்வு பெற்றவர். நூலை எழுதியது இங்கிலாந்தில், தாள்களை வைத்துக்கொண்டு. அந்தத் தாள்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அல்லது 1898இல் அரசுத் தாவரவியலராகப் பொறுப்பேற்ற சி. ஏ. பார்பர் காலத்துத் தொகுப்புகள். 1912இல் பார்பர் கரும்பு ஆராய்ச்சிக்கு மாறிவிட்டார். அதாவது நூலுக்கு முதுகெலும்பான தொகுப்பு எல்லை மாறுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்திருந்தது. சீட்டில் ‘தென் ஆற்காடு’ என்று மட்டும் இருந்த ஒரு கிளை எந்த வட்டத்திலிருந்து வந்தது என்று இங்கிலாந்தில் இருந்துகொண்டு பிரித்தறிய கேம்பிளுக்கு வழி ஏது? சீட்டில் இருந்ததையே அவர் எடுத்தாண்டிருப்பார் என்று கொள்வதுதான் எளிய விளக்கம்.

‘கேம்பிள் நுணுக்கமானவர், எல்லை மாற்றத்தை அறியாமல் இருந்திருக்க மாட்டார்’ என்று சொல்லப்படுவதுண்டு. அறிந்திருக்கலாம். அறிவது வேறு, ஆயிரக்கணக்கான தாள்களின் இடத்தை மறுபடி நிர்ணயிப்பது வேறு. பின்னதைச் செய்தேன் என்று அவர் எங்கும் சொன்னதாகத் தெரியாத நிலையில், செய்தார் என்று கொள்பவர்தான் அதை நிறுவ வேண்டும்.

எனவே நான் முன்வைக்கும் விதி இது. கேம்பிளின் நூலில் வரும் ஆற்காடுகளை, மாற்றுச் சான்று கிடைக்கும்வரை, 1911க்கு முந்திய ஆற்காடுகளாகவே வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் தென் ஆற்காடு என்ற பெயரின் நில உருவமே மாறுகிறது. கடலூரும் மரக்காணமும் மட்டும் அல்ல; கல்வராயன் மலை, செஞ்சிக் குன்றுகள், சவ்வாதின் தென்சரிவு, அருணாசலம் எல்லாம் அதில் அடக்கம். செடி தேடிப் போகும் ஒருவர் இந்த மாவட்டத்தில் எங்கே அதிகம் சுற்றியிருப்பார்? நெல்லும் மணிலாவும் விளையும் கடலோரச் சமவெளியிலா, காடு மிஞ்சியிருந்த மேற்கு மலைகளிலா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போன இருப்புப்பாதையும் திருவண்ணாமலை வழியாகவே போனது. விடை தானாக வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் கடற்கரை என்ற விடை எந்தக் கேள்வியுமின்றி ஏற்கப்பட்டது.

கே. எம். மேத்யூவின் தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவரநூல் இந்த இடத்தில் நமக்குத் துணையாகாது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து எழுந்த அந்தப் பெரும்பணியின் முதன்மைத் தொகுதி 1983இல் வந்தது. அதன் தாள்கள் பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அதில் வட ஆற்காடு என்பது 1911க்குப் பிந்திய, 1989க்கு முந்திய வட ஆற்காடு. திருவண்ணாமலை அதற்குள் இருக்கிறது. கேம்பிளையும் மேத்யூவையும் அருகருகே வைத்து ‘வட ஆற்காடு’ வரிசைகளை ஒப்பிடுவது ஒரே பெயர் தாங்கிய இரு வேறு நிலங்களை ஒப்பிடுவதாகும். முன்னதில் இருந்து பின்னதில் மறைந்த செடிகள் அழிந்தவை என்றும், பின்னதில் புதிதாகத் தோன்றியவை பரவியவை என்றும் எழுதப்படும் வரிகள் எல்லாமே இந்த ஐயத்துக்கு உட்பட்டவை.

4. சீட்டு எவ்வளவு சொல்லும்

பழைய சீட்டுகளை மூன்று தரமாகப் பிரிப்பது பயனுள்ளது. முதல் தரம், ஊர் அல்லது மலையின் பெயர் உள்ளவை. இவற்றில் சிக்கல் இல்லை. இரண்டாம் தரம், மாவட்டம் மட்டும் உள்ளவை. மூன்றாம் தரம், அதுவும் இல்லாதவை. ராபர்ட் வைட்டின் தொகுப்பிலிருந்து 1866–67இல் கியூவிலிருந்து பகிர்ந்தளிக்கப்பட்ட தாள்கள் இந்தக் கடைசித் தரத்துக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அச்சிட்ட சீட்டில் இந்தியத் தீபகற்பம் என்ற பொருளுடைய லத்தீன் தொடர் மட்டுமே இருக்கும். பறித்த ஊரை அதிலிருந்து அறிய முடியாது. வைட் தம் கையால் பறித்ததா, அவரிடம் பணிபுரிந்த உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள் கொண்டுவந்ததா என்பதும் அதில் தெரியாது.

விவாதம் இரண்டாம் தரத்தைப் பற்றியது. இவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்பர் போன்றோரின் தாள்களில் தொகுப்பு எண்ணும் நாளும் உண்டு. அடுத்தடுத்த எண்களை உடைய தாள்கள் வெவ்வேறு குடும்பங்களின் கட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை நாள்வாரியாக அடுக்கினால் பயணத்தின் தடம் கிடைக்கும். முந்திய எண்ணும் பிந்திய எண்ணும் செஞ்சியில் இருந்தால், நடுவில் ‘தென் ஆற்காடு’ என்று மட்டும் சொல்லும் தாள் மரக்காணத்தில் பறித்ததாக இருக்க வாய்ப்பில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் உள்ள சென்னை ஹெர்பேரியத்தில் இந்த வேலையைச் செய்யலாம். காயாவின் கட்டை மட்டும் திறந்து பார்த்து முடிக்கக்கூடிய வேலை அல்ல இது. அதனால்தான் தள்ளிப்போடப்பட்டு வந்தது.

காயாவுக்கென்று இன்னொரு தடையும் உண்டு. 1768இல் பர்மன் வைத்த அம்பலேட்டம், 1798இல் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைச் செடியாக வெளியிட்ட எடுலே என்ற இரு பெயர்களின் கீழும் தாள்கள் உள்ளன. இவை ஒரே இனமா இரண்டா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஒரு பெயரை மட்டும் தேடி இடப்பரவலை வரைபவர் பாதிக் கட்டைத்தான் பார்க்கிறார். பூ இல்லாத கிளையில் காயாவின் தடித்த, எதிரெதிரான, நரம்பு புலப்படாத இலைகளை வைத்து இனம் உறுதிசெய்வதும் எளிதல்ல. அடிக்கடி வெட்டப்பட்டு அடியிலிருந்து தழைக்கும் புதர் பூப்பதும் குறைவு. மேய்ச்சலும் விறகுவெட்டும் மிகுந்த மலையில் அது தாளேறாமல் போயிருந்தால் அதற்கு இதுவே போதிய காரணமாகலாம்.

மின்னணுமயமாக்கல் இந்தப் பிழையைக் குறைக்கவில்லை, உறையவைத்துவிட்டது. 2022இல் இந்திய மெய்நிகர் ஹெர்பேரியம் திறக்கப்பட்டது பெரிய வரம். வரம் பெற்றவர்கள் அதைக் கையாளும் முறையில்தான் ஆபத்து. ‘தென் ஆற்காடு’ என்ற பழைய சீட்டுக்கு இன்றைய வரைபடத்தில் கடலூர் என்றோ விழுப்புரம் என்றோ ஒரு நடுப்புள்ளி கொடுத்துவிட்டால், நூறு கிலோமீட்டர் ஐயம் ஒரு துல்லியமான அட்சரேகையாக மாறிவிடுகிறது. அதன்பின் எந்தப் பரவல் மாதிரியும் காயாவைக் கடற்கரையில்தான் காட்டும். ஏனென்றால் கடற்கரையில் வைத்தது நாம்.

5. மறுப்புகள்

தட்பவெப்ப மறுப்பு முதன்மையானது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கடலோரமே வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு ஏற்றது. தென்மேற்குப் பருவத்திலும் கணிசமாக மழை பெறும் திருவண்ணாமலை அதற்குப் புறம்பானது என்பார்கள். காடு என்ற தொகுதியைப் பற்றி இது சரியாக இருக்கலாம். காயா என்ற தனிச்செடியைப் பற்றிச் சரியல்ல. கடலோரக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழையில் மிகுந்து நிற்பதும், மகாராட்டிரத்தின் மகாபலேஷ்வரில் 5,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தென்மேற்கு மழையில் காட்டின் முதன்மை மரங்களில் ஒன்றாக நிற்பதும் இதே மெமிசைலான்தான். இந்த இரு எல்லைகளையும் தாங்கும் செடி, ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெறும் திருவண்ணாமலையில் மட்டும் மழையின் பருவத்தால் தடுக்கப்பட்டது என்பதை ஏற்பது கடினம். சற்றே குறைந்த மழை என்பதை வேண்டுமானால் வாதமாக்கலாம். ஆனால் 814 மீட்டர் உயர்ந்த குன்றில் நிழற்சரிவும் ஊற்றுக்கண்ணும் சமவெளி மழைமானியின் கணக்கில் வருவதில்லை.

புகைப்பட மறுப்பு அடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த படங்களில் மலை மொட்டையாக இருக்கிறது. இருக்கட்டும். மொட்டையான மலை ஏற்கெனவே வெட்டப்பட்ட மலையாகவும் இருக்கலாம். தவிர, இடுப்பளவு புதரை ஊரிலிருந்து எடுத்த படத்தில் காண முடியாது. இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இலக்கியச் சான்றை என் பக்கம் சேர்க்கச் சொல்லும் நண்பர்களும் உண்டு. செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இந்த நிலப்பகுதியின் நூல். காயா முல்லைத் திணையின் பூ. இரண்டையும் சேர்த்து ஒரு பதிவாக்கும் ஆசை எளிதில் வரும். நான் அதைச் செய்ய மாட்டேன். திணை மரபு எந்தக் குன்றில் எந்தச் செடி நின்றது என்று சொல்வதற்காக அமைந்ததல்ல. மலைபடுகடாமை இன்மைக்குச் சான்றாக எடுப்பவர்களுக்கும் இதே பதில்.

உண்மையிலேயே கனமான மறுப்பு ஒன்று உண்டு. அண்மைக்காலக் கள ஆய்வுகள் மலையில் நடப்படாத காயாவை ஐயமின்றிக் காட்டவில்லை. இதை மறுக்கவில்லை. கோடைதோறும் உயர்ந்த புல் தீப்பற்றும் சரிவில், விறகுக்கு அரிவாள் ஏறிய நூற்றாண்டுக்குப் பின், அது கிடைக்காமல் போவது வியப்பில்லை என்று மட்டும் சொல்வேன். இதைவிட முக்கியமானது: 1988க்குப் பின் நடவு தொடங்கிவிட்டதால் இன்று மலையில் பறிக்கும் காயாக் கிளை எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. நட்டதன் விதையிலிருந்து முளைத்ததா, பழைய வேரிலிருந்து தழைத்ததா என்று பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே 1988க்கு முந்திய தாள்களின் மதிப்பு பன்மடங்கு கூடுகிறது. அவற்றைத் தவறாக வாசிப்பதன் விலையும் அதே அளவு கூடுகிறது.

தாளுக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கக்கூடும். காயாவின் கட்டையில் மரத்திசுவுக்குள்ளேயே பட்டைத்திசுத் தீவுகள் பொதிந்திருக்கும். எட்டி இனத்திலும் இது உண்டு என்றாலும், நம் புதர்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. கரியான பின்னும் இந்த அமைப்பை நுண்ணோக்கியில் அடையாளம் காண முடியும். மலையின் மண்ணடுக்கில் புதைந்த கரித்துண்டுகளை எடுத்து ஆராய்ந்து காலம் கணித்தால், மாவட்ட எல்லைகளைப் பொருட்படுத்தாத ஒரு விடை கிடைக்கும். மகரந்தத்தை விட இதுவே நம்பத்தக்கது. பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடி மண்ணில் மகரந்தம் விட்டுச்செல்வது குறைவு.

6. முடிவு

அருணாசலத்தில் காயா இல்லை என்ற கூற்று, 1911க்கு முந்திய தென் ஆற்காட்டை 1911க்குப் பிந்திய தென் ஆற்காடாக வாசித்ததில் பிறந்தது. அந்த வாசிப்பை நீக்கினால், ஊர்ப்பெயர் இல்லாத பழைய தென் ஆற்காட்டுத் தாள்கள் கடற்கரைக்கும் மலைக்கும் பொதுவாகின்றன. கடற்கரைக்கு மட்டும் உரிமை கோர அவற்றில் ஆதாரம் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளில் இந்தச் செடி வாழ்வதையும், அதன் மழை தாங்கும் எல்லை அகன்றிருப்பதையும் சேர்த்துப் பார்க்கையில், அருணாசலத்தின் ஈரச் சரிவுகளில் அது இயல்பாக வளர்ந்தது என்றே நான் கருதுகிறேன். இது என் கருத்து. முடிந்த முடிவு அல்ல. தாள்களின் எண்வரிசையோ மண்ணின் கரியோ இதைத் திருத்தினால் திருத்தட்டும்.

அதுவரை இரண்டு கோரிக்கைகள். ஹெர்பேரியப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுபவர்கள், ஆற்காடு என்ற பெயர் வரும் ஒவ்வொரு தாளிலும் பறித்த ஆண்டைப் பார்த்து, 1911க்கு முந்தியதாயின் பழைய எல்லையைக் குறித்து, புள்ளிக்குப் பதிலாக ஐய வட்டத்தை இடுங்கள். இன்று மலையில் மாதிரி எடுப்பவர்கள், செடி நடப்பட்டதா தானே முளைத்ததா என்பதையும், அருகில் நடவு நடந்த ஆண்டையும் சீட்டில் எழுதுங்கள்.